அகிலா போயிட்டாளா?

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி அப்படியே. வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். மண்டைவெளி மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை. சாக்பீஸ்.

சாயங்காலம் பேச்சு வகுப்பு. ஐந்து பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், உருப்படியான குடை ஒருத்தரிடமும் இல்லை. ஹால் தரை முழுக்கத் தண்ணீர்.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்று சொல்லி இதுகளை நன்றாகக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். வாத்தியார் எழுதிக் கொடுப்பார். இதுகள் உருப்போட்டு, கையை ஓங்கி, கத்திவிட்டு வரும். கப் கிடைக்கும். கேட்டவர்களில் ஒருத்தர் மனதும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைந்திருக்காது. நானும் அப்படிக் கத்த வைத்துச் சம்பளம் வாங்கியவள்தான். வேலையை விட்டு வீட்டில் வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் எனக்கே பாடம் பிடிபட்டது.

இன்றைய கேள்வி: எதிரே இருப்பவருக்கே தெரியாமல் அவரை ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி? எல்லோரும் திருதிருவென்று முழித்தார்கள். முத்துச்செல்வி மட்டும் கை தூக்கினாள். (இனி மு.செ., பெயர் நீளம்.) தி. நகரில் அவள் அப்பாவுக்குப் புடவைக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

"எங்க அப்பா ‘புடவை வேணுமா’ன்னு கேக்கவே மாட்டாங்க மேடம். ரெண்டை விரிச்சுப் போட்டு, ‘இதுல எதை பில் போட’ன்னுதான் கேப்பாங்க."

அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தொண்டை வற்ற நான் நடத்தியிருக்க வேண்டிய பாடம் அது. வாங்குவது என்ற முடிவைக் கேள்விக்குள் மடித்து வைத்தாகிவிட்டது. கேட்பவர் எந்தப் புடவை என்றுதான் யோசிப்பார். டிசம்பர் விவாதப்போட்டிக்கு இவளைத்தான் முதலில் பேச வைக்க வேண்டும்.

ராத்திரிக்கு உப்புமா. தனியாளுக்கு அதுவே அதிகம்.

நவ. 5, புதன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது. அபிராமபுரமே மொட்டைமாடியில் நின்றது.

பயிற்சி தொடங்கிவிட்டோம். இல்லாத ஒரு மாணவியை, வகுப்புக்கு வெளியே உள்ள ஒருவர், இருக்கிறாள் என்று நம்ப வேண்டும். ஒரே விதி: பொய் சொல்லக் கூடாது. அவளைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்கலாம். இந்த விதியைப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். கேள்வி எப்படிப் பொய்யாகும்?

பெயர் வைப்பதில் அடிதடி. கௌதம் ‘ஏஞ்சல்’ என்றான், எல்லோரும் சிரித்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத பெயராக இருக்கட்டும் என்றேன். அகிலா. அதோடு நிறுத்துங்கள், முகம், உயரம், உடுப்பு எதையும் யோசிக்காதீர்கள், நம்புகிறவரே மிச்சத்தைப் போட்டுக்கொள்வார் என்றும் சொன்னேன்.

யாரிடம் என்றதும் கௌதம், "வாட்ச்மேன் அண்ணாகிட்ட மேடம். அவரு ரொம்ப நல்லவரு" என்றான்.

வாட்ச்மேன் ஏழுமலை கோடையில் வேலைக்கு வந்தவர். ஆற்றோரக் குடிசையில் இருந்தவரைக்கும் எங்கு வேண்டுமானாலும் நடந்தே போவாராம். குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது இரண்டு பஸ். முன்பு பார்த்த வேலை குடியால் போனது. பிறகு விட்டுவிட்டார், சத்தியமாக விட்டுவிட்டார். அப்படியும் எங்கள் அசோசியேஷன் செயலாளர் வரதன் சார் (மூன்றாம் மாடி, பழைய வங்கி அதிகாரி) சேர்க்கும்போதே, ஒரு தடவை தடுமாறினாலும் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் சேர்த்தார்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கினார்கள். மு.செ. அவரிடம் கேட்பது பால்கனியில் நின்ற என் காதில் விழுந்தது.

"அண்ணா, அகிலா போயிட்டாளா?"

"யாருபா அது? அப்படி யாரும் வர்லியே."

மு.செ. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். வாதாடவில்லை. அருமை.

நவ. 8, சனி

மழை. கேஸ் வந்தது. மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொன்றாக, நேரம் விட்டு விட்டு. "அகிலா குடைய இங்க வெச்சாளாண்ணா?" "அகிலா யார்கூட போனா?" ஏழுமலை, "பாக்கலியேபா, மோட்டார் போடப் பின்னால போய்ட்டேன்" என்றார். முதல் நாள் ‘யாரு அது’ என்றவர், இன்றைக்குத் தான் பார்க்காமல் விட்டதற்குக் காரணம் சொல்கிறார். இதைப் போர்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

நவ. 12, புதன்

நடந்துவிட்டது.

"அண்ணா, அகிலா போயிட்டாளா?"

"இப்பதாம்பா போச்சு. வேகமா போனா புடிச்சிரலாம்."

ஐந்தும் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் அங்கே நின்று குதித்தன. எனக்கும் பால்கனியில் கைதட்டத் தோன்றியது. ஆத்திரமோ ஆர்ப்பாட்டமோ இல்லாமல், ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு ஆளை உண்டாக்கிவிட்டார்கள். போனில் கூப்பிட்டுப் பாராட்டினேன். பயிற்சி முடிந்தது, இனி யாரும் கேட்கக் கூடாது என்றும் சொன்னேன். சரி என்றார்கள்.

நன்றாகப் பசித்தது. இரண்டு தோசை அதிகம்.

நவ. 15, சனி

காலையில் பால் எடுக்கக் கீழே போனேன். ஏழுமலை வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"டீச்சர், நேத்து அந்த அகிலா பொண்ணு வந்துச்சு. வெள்ளிக்கெழம க்ளாஸ் இல்லியேம்மான்னேன். காதுலயே வாங்கல. மேல போய்ட்ச்சு."

நேற்று சாயங்காலம் நான் தெற்கு மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் யாரும் இந்தப் பக்கமே வரவில்லை.

எப்படி இருந்தாள் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"எப்பவும் போலதான். நீட்டப் பின்னல். செருப்பக் கைல புட்ச்சிகினு, அது நனைஞ்சிடும்னு. மேல போன புள்ள எறங்கவே இல்ல. நானும் பாத்துகினே இருந்தேன்."

பாலை அங்கேயே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன், மறுபடி இறங்கிப் போய் எடுத்து வந்தேன். ஐந்து பேருக்கும் போன். பின்னல் என்று யார் சொன்னது? செருப்பு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மு.செ. பொய் சொல்கிற பெண் இல்லை.

மிச்சத்தை அவரே போட்டுக்கொள்வார் என்று சொன்னது நான்தான். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் வகுப்பு நடக்கும்போது வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். வழக்கமாகத் திறந்தே கிடக்கும்.

நவ. 17, திங்கள்

விடாத மழை. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் என்று டிவியில். இங்கே கரண்ட் போய் வந்தது.

வரதன் சார் வந்தார். உட்காரவில்லை.

"நேத்திக்கு சாயங்காலம் ஏழுமலை எங்க மாடில ஒவ்வொரு ஆத்துக் கதவையும் தட்டிண்டு வந்தான். ஏதோ பொண்ணு உள்ள போனவ ரெண்டு நாளா வெளில வரலையாம். மொட்டமாடி சாவி வேற கேட்டான். எனக்கென்னமோ மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு தோணறது. ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டிருக்கேன். அன்னிக்கே அனுப்பிடலாம்."

அவர் போனதும் கீழே ஓடினேன். ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி ஒரு பெண்ணே இல்லை, அது பாடம், பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டு உங்களை நம்ப வைத்தார்கள், அப்படிச் செய்யச் சொன்னது நான், தப்பு என்னுடையது. கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி டீச்சர்" என்றார். பிறகு, "நீங்க எதுக்கு டீச்சர் அந்தப் பொண்ண இல்லன்றீங்க? எதுனா பிரச்சினையா?"

மறுபடியும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் முன்னால் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை.

"குடிச்சிகினு இருந்தப்ப இன்னா இன்னாவோ கண்ணுல தெரியும். செத்துப்போன எங்க நைனா வந்து ஒக்காந்துகினு இருப்பாரு. எது கீது, எது இல்லன்னே தெரியாது. இப்ப கண்ணுல தெரியறது எல்லாம் நெசம்னு நம்பிதான் டீச்சர் காலைல எழுந்துகினு பஸ் ஏறி வரேன். அதுவும் இல்லன்னா நான் இன்னா பண்றது? எம் பொண்டாட்டிகிட்ட இன்னா சொல்றது?"

‘மழையில் நனையாதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். பேசக் கற்றுக்கொடுத்து வயிறு வளர்க்கிறவள் நான்.

நவ. 19, புதன்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் ஏழுமலை முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொருத்தராக உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

சொன்னார்கள். எவ்வளவு நன்றாகச் சொன்னார்கள். குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்த்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் வீண்போகவில்லை. கௌதம் உண்மையிலேயே அழுதான். ஏழுமலை அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நல்லா பேசறீங்கபா. டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவ்வளவுதான். பிள்ளைகள் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். மு.செ. கடைசி. வெளியே போனவள், கேட்டை இழுத்துச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து இன்னும் ஒருத்தர் வர வேண்டியிருப்பதுபோல. பிறகு மெல்ல விட்டாள்.

ராத்திரி போன் செய்து, எதற்கு நின்றாய் என்று கேட்டேன்.

"நின்னேனா மேடம்? பின்னால யாரோ வந்தாங்கன்னு நெனச்சேன்."

படித்து நன்றாக வர வேண்டிய பெண். போனை வைத்துவிட்டேன்.

நவ. 22, சனி

மாத்திரை வாங்கினேன், ஒருவழியாக. கத்திரிக்காய் சொத்தை. வரதன் சார் வீட்டு மாமியைப் படியில் பார்த்தேன். "ஒங்க ஸ்டூடன்ட் ஒருத்தி, பின்னல் போட்டுண்டு, நான் வர்றதைப் பாத்துட்டு ஒதுங்கி நின்னா. இந்தக் காலத்துல யாரு ஒதுங்கறா?" என்றார். ஏழுமலை பேசுவதைக் கேட்டுக் கேட்டு மாமிக்கும் பதிந்திருக்கும். வதந்தி இப்படித்தான் வளரும், இதற்கு நானே ஒரு வகுப்பு எடுத்திருக்கிறேன். மாமியிடம் எந்த மாடிப் படி என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

வகுப்பில் நாளைய மீட்டிங்குக்கு ஒத்திகை. போட்டிக்குச் செய்வது போலவே. நான் உண்மையைப் பேச வேண்டும், மு.செ. செயலாளராக நின்று மறுக்க வேண்டும். நான் தெளிவாகத்தான் ஆரம்பித்தேன். இது பிள்ளைகளின் பயிற்சி, ஏழுமலை குடிக்கவில்லை, குற்றம் என்னுடையது.

மு.செ. எழுந்தாள். "புதன்கிழமையோட நிறுத்திட்டீங்க. சரி. வெள்ளிக்கிழமை யாரும் அவர்கிட்ட எதுவும் கேக்கலை. அன்னிக்கு அவர் பாத்தது யாரை?"

கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டேன்.

அவளே உட்கார்ந்துகொண்டு சின்னக் குரலில் சொன்னாள். "நீங்க உண்மையைச் சொன்னா அவருக்கு வேலை போயிரும் மேடம். குடிக்கலைன்னா புத்தி சரியில்லைன்னு அனுப்பிருவாங்க. அவரும் அதை நம்பிருவாரு."

‘உனக்கு என்ன தோன்றுகிறது’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பிள்ளைகள் யாரும் இல்லாத ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஐந்து பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

நவ. 23, ஞாயிறு

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். வெளியே மழைச் சத்தம். ஏழுமலை தூணோரம் நின்றார். வெள்ளைச் சட்டை, திருநீறு. எதையும் கேட்பதற்குத் தயாராக வந்த முகம்.

வரதன் சார் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், நீங்களே சொல்லுங்கோ. அப்படி ஒரு பொண்ணு ஒங்க க்ளாஸ்ல உண்டா, இல்லையா?"

எழுந்து நின்றேன். எதைச் சொல்லப் போகிறேன் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. சத்தியம்.

"உண்டு" என்றேன்.

அதன் பிறகு வந்துகொண்டே இருந்தது. கூச்ச சுபாவம். பாதியில் சேர்ந்தாள். அப்பா கிடையாது, அம்மாவும் பெண்ணும் மட்டும். வேளச்சேரிக்கு வீடு மாறிவிட்டார்கள், இனி வர முடியாது. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்திருக்கிறாள். நான் கடைக்குப் போயிருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு, துப்புரவுக்காரர்கள் ஏறும் பின்பக்க இரும்புப் படி வழியாக இறங்கிப் போய்விட்டாள். முன்வாசலில் இருந்த ஏழுமலைக்கு எப்படித் தெரியும்? அவர் செய்ததில் என்ன தப்பு? ஒரு பெண் குழந்தை உள்ளே போய் வெளியே வரவில்லை என்று பதறிக் கதவைத் தட்டியவரையா வேலையைவிட்டு அனுப்புவது? நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரதன் சார், "அதானே. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டலாமா என்றுகூட ஒருத்தர் கேட்டார்.

ஏழுமலை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை. தொலைந்த ஒன்று கையில் திரும்பக் கிடைத்த முகம்.

என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. வழக்கமாக ஒவ்வொரு விவரத்தையும் தேடி, பொருந்துமா என்று பார்த்து வைப்பேன். இன்று எதையும் தேடவில்லை. அப்பா கிடையாது என்று சொன்னபோது, அவளுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டேன். பேசும்போது அவள் இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நவ. 24, திங்கள்

மழை விட்டது. ஏழுமலை எவர்சில்வர் டப்பாவில் வேர்க்கடலை உருண்டை கொண்டுவந்தார். அவர் மனைவி செய்தது.

"டீச்சரே சாட்சி சொன்னாங்கன்னேன். அழுதுட்ச்சு. ‘அப்ப உனுக்கு ஒண்ணும் இல்லய்யா’ன்னுச்சு. நேத்துதான் நல்லா தூங்கினேன் டீச்சர்."

சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷம். ஒரு மனிதர் தன் கண்ணை நம்பி வேலைக்கு வருகிறார், அதற்கு முன்னால் என் பொய் என்ன பெரிய பொய். போர்வை உலர்த்தினேன். அலமாரி துடைத்தேன். பரீட்சை என்பதால் பிள்ளைகளுக்கு இந்த வாரம் வகுப்பு இல்லை.

உருண்டை நன்றாக இருந்தது. வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

நவ. 26, புதன்

மத்தியானம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து இன்டர்காம். ஏழுமலை.

"டீச்சர், அகிலாவோட அம்மா வந்துகீறாங்க. வேளச்சேரிலேர்ந்து. அந்தப் பொண்ணு அன்னிக்கு க்ளாஸுக்குன்னு கெளம்பினதாம், இன்னும் வீட்டுக்கு வர்லியாம். ரொம்ப அழுவறாங்க. மேல அனுப்பவா?"

பிள்ளைகளின் வேலையோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து பேரும் இந்நேரம் பரீட்சை ஹாலில். மீட்டிங்கில் நான் என்ன சொன்னேன் என்றும் அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"பொண்ணு ஜாடைதான் டீச்சர்."

அப்படி யாரும் கிடையாது, அனுப்பாதீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் எதிரே நின்று அழுகிற பெண்ணும் இல்லை என்றாகிவிடும். அந்த நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார். இன்டர்காமில் அவர் குரல் மாறிவிட்டது.

"டீச்சர்? கீறாங்க இல்ல டீச்சர்?"

"இருக்காங்க ஏழுமலை. வரச் சொல்லுங்க" என்றேன்.

லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடி. ஏறி வர நேரம் பிடிக்கும், அதுவரைக்கும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்து வைத்தாயிற்று. தண்ணீர்ச் சொம்பும் டம்ளரும் எடுத்து வைத்தாயிற்று.

உங்கள் பெண் அன்றைக்கு இங்கே வந்தாள், பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். அவள் எங்கே போனாள் என்று யாரைக் கேட்டாலும் என் பெயர்தான் வரும். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? முதல் வாக்கியம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும்.

கிடைக்கவில்லை. முதல் மாடி தாண்டிவிட்டார்.